பாலாற்றுப் பெருநகர் – 11: கல் நின்ற ஊர், செங்கல் நின்ற ஊர்

சென்ற இதழில் வடக்குப்பட்டு மேட்டில் நின்றோம். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே வெட்டிய குழிகளில் கற்காலக் கருவிகள், கண்ணாடி மணிகள், சிறு பொன்னணிகள், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் என்று பல காலத்துப் பொருள்கள் கிடைத்ததைச் சொன்னேன். இன்று ஒரகடத்தில் உருவாகும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கப்பலேறி அயல்நாடு போகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கப்பல் சரக்கு இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இனி மேற்கே போவோம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் நாற்பது கிலோமீட்டருக்குள் காஞ்சிபுரம். இந்த வட்டாரத்து ஏரிப் பாசனம் பல நூற்றாண்டுகள் சோறு போட்ட தலைநகர். ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் கம்பெனித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு போய்வரும் ஊரும் அதுதான். காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள், தங்கப் பல்லி, கடைசியில் ஒரு பட்டுச்சேலைக் கடை என்று சுற்று முடிந்துவிடும்.

இந்த இதழில் வேறு மாதிரி சுற்றப் போகிறோம். முதலில், சீனத்துத் தலைநகரிலிருந்து காஞ்சிக்கு வந்த ஒருவரோடு காஞ்சியைப் பார்ப்போம். பிறகு, காஞ்சியிலிருந்து சீனத்துத் தலைநகருக்குப் போன ஒருவரோடு அந்த ஊரைப் பார்ப்போம். இப்படிப் பார்த்தால் ஒன்று புரியும். இன்றைய காஞ்சியில் நாம் பார்ப்பவற்றில் ஏறத்தாழ எதையும் அந்தச் சீனர் பார்க்கவில்லை. அவர் பார்த்தவற்றில் ஏறத்தாழ எதுவும் இன்று தரைக்கு மேலே இல்லை.

காண்டாமிருகம் போன வழி

சீனத்தோடு காஞ்சிக்கு இருந்த உறவு பல்லவர் காலத்தில் தொடங்கியது அன்று. ஹான் பேரரசின் வரலாற்றைச் சொல்லும் ‘ஹான் ஷு’ என்ற நூலில், கி.பி. 2-ஆம் ஆண்டில் ஹுவாங்-சி என்ற நாட்டிலிருந்து உயிருள்ள காண்டாமிருகம் ஒன்று காணிக்கையாக வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. அப்போது சீனத் தலைநகர் சாங்கான்; இன்றைய சிய்யான் நகரின் ஓரத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. அரியணையில் இருந்தவன் சிறுவன். அதிகாரம் முழுவதும் வாங் மாங் என்ற அமைச்சன் கையில். தன் பெயர் எத்தனை கடல் தாண்டி எட்டியிருக்கிறது என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது அவனுக்கு. ஹுவாங்-சி மன்னனுக்குப் பரிசுகள் அனுப்பிக் காண்டாமிருகத்தை வரவழைத்தான்.

அந்த நாடு மக்கள் நெருக்கம் மிகுந்தது, அங்கே முத்தும் கண்ணாடிப் பொருள்களும் அரிய கற்களும் கிடைக்கும், சீனர்கள் பொன்னும் பட்டும் கொண்டுபோய் அவற்றை வாங்குவார்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. ஹுவாங்-சி என்பது காஞ்சிதான் என்று கொண்டவர்களில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் ஒருவர். மலாய்த் தீவுகளின் பக்கம் தேடியவர்களும் உண்டு. காஞ்சி என்போர் சொல்வது சரியானால், வடக்குப்பட்டில் உடைந்து கிடந்த ஆம்போராவும் சாங்கான் போன காண்டாமிருகமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவை. மேற்குக் கடலும் கிழக்குக் கடலும் இந்தத் தொண்டை மண்டலத்துக் கடற்கரையில் வந்து கைகோத்த காலம் அது. பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள வசவசமுத்திரத்திலும் தமிழகத் தொல்லியல் துறை ஆம்போரா ஓடுகளைக் கண்டெடுத்திருக்கிறது.

அந்தக் காஞ்சிக்குப் போக நம்மிடமே ஒரு வழிகாட்டி நூல் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளில் ஒரு பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் அனுப்பிவைக்கிறது. வழியில் எந்த நிலம் வரும், அங்கே யார் இருப்பார்கள், என்ன சாப்பாடு போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய்க் கச்சி மூதூரில் கொண்டுபோய் விடுகிறது. இன்றைய சுற்றுலாக் கையேடுகள் பலவற்றைவிட அதில் சாப்பாட்டுத் தகவல் அதிகம்.

குருவின் குரு பிறந்த ஊர்

கி.பி. 629-இல் சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங் சாங்கானைவிட்டுப் புறப்பட்டபோது தாங் பேரரசின் எல்லையைத் தாண்ட யாருக்கும் அனுமதி இல்லை. தடையை மீறித்தான் அவர் போனார். பாலைவனம், மலை, கங்கைச் சமவெளி, நாளந்தா என்று சுற்றிக் கீழைக் கடற்கரையோரமாக இறங்கி ஏறத்தாழ 640-இல் காஞ்சிக்கு வந்தார். அப்போது ஆண்டவன் மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன்.

காஞ்சிக்கு வர அவருக்குச் சொந்தக் காரணமும் இருந்திருக்க வேண்டும். நாளந்தாவில் அவருக்குப் பாடம் சொன்னவர் சீலபத்திரர். சீலபத்திரருக்குப் பாடம் சொன்னவர் தர்மபாலர். அந்தத் தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி. அமைச்சர் ஒருவரின் மகன். அரசன் மகளோடு திருமணம் நிச்சயமாகியிருந்த நிலையில் வீட்டைத் துறந்து துறவியானவர் என்று யுவான் சுவாங்கே கதையைச் சொல்கிறார்.

நாட்டுக்குத் திரும்பியபின் 646-இல் எழுதி முடித்த பயண நூலில் அவர் காஞ்சியைப் பற்றித் தரும் விவரங்கள் இவை: நகரின் சுற்றளவு 30 லீ, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். மண் வளமானது, வெயில் கடுமை. மக்கள் துணிவும் நேர்மையும் உடையவர்கள், கல்வியை மதிப்பவர்கள். பௌத்த மடங்கள் நூறுக்கு மேல். அவற்றில் பத்தாயிரம் துறவிகள், எல்லோரும் தேரவாத மரபினர். தேவர் கோயில்கள் எண்பது வரை. திகம்பர சமணர்கள் மிகுதி. நகருக்குத் தெற்கே பெரிய மடம் ஒன்று. அதன் அருகே அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட, நூறு அடி உயரமுள்ள தூபி.

இலங்கைக்குப் போகவும் அவர் எண்ணியிருந்தார். ஆனால் அங்கே மன்னன் இறந்து, பஞ்சமும் குழப்பமும் தலைவிரித்தாடியதால், முந்நூறு பிக்குகள் கடல் தாண்டிக் காஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து யோக நூல்களைப் பற்றிக் கேட்டார். சீலபத்திரர் சொல்லித் தந்ததற்கு மேல் அவர்களிடம் புதிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இலங்கைப் பயணத்தைக் கைவிட்டு மேற்கே திரும்பினார். அறிவைத் தேடிக் கடல் தாண்டப் போனவரைக் காஞ்சியின் ஒரு மடத்து உரையாடலே நிறுத்திவிட்டது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய காஞ்சியில் நடந்து பாருங்கள். நூறு மடங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. நூறடித் தூபி எந்தத் தெருவில் இருந்தது என்று கைகாட்ட ஆளில்லை. சரி, எண்பது தேவர் கோயில்கள்? அவற்றில் எதுவும் அவர் பார்த்த உருவத்தில் இல்லை. இத்தனைக்கும் மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற வடமொழி நகைச்சுவை நாடகம் நடப்பதே காஞ்சித் தெருவில்தான். கபாலி ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைக் காணாமல் தேடுவான். வழியில் வரும் பௌத்த பிக்குவைப் பிடித்துக்கொண்டு திருடன் என்பான். நாய் தூக்கிக்கொண்டு போனது கடைசியில்தான் தெரியும். பிக்குவைக் கண்டதும் கொட்டகை சிரிக்க வேண்டுமானால், அவர் அந்த ஊர்த் தெருவில் எல்லோருக்கும் பழகிய முகமாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை?

விடையை மகேந்திரவர்மனே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள குடைவரையில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை எடுத்தேன் என்று அவன் பெருமையடித்துக்கொள்கிறான். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? அதுவரை தமிழகத்துக் கோயில், மடம், மாளிகை எல்லாம் அந்த நான்கினால்தான் எழுந்தன என்பதுதான். யுவான் சுவாங் வந்தபோது கல்லைக் குடையும் பழக்கம் வந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. கல்லை அடுக்கிப் பெரிய கோயில் எழுப்பும் வேலை காஞ்சியில் இன்னும் தொடங்கவே இல்லை.

செங்கல் கட்டடத்துக்கு ஆதரவு நின்றால் ஆயுளும் நிற்கும். கூரை ஒழுகும், சுதை உதிரும், ஆலும் அரசும் வேர்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, செங்கல்லைப் பெயர்த்து எடுத்துப்போய் அடுத்த கட்டடத்துக்குப் போடலாம். இதற்குப் படையெடுப்பு வேண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் ஐரோப்பியர் ‘சீனக் கோபுரம்’ என்று அழைத்த மூன்றடுக்குச் செங்கல் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றுகொண்டிருந்தது. 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். பௌத்தம் காஞ்சியில் ஆதரவு இழந்தபோது மடங்களுக்கு நடந்ததும் இதுதான் என்று ஊகிக்கலாம்.

மிச்சம் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. 1915-இல் டி.ஏ. கோபிநாத ராவ் காஞ்சியில் தாம் கண்ட புத்தர் சிலைகளைப் பற்றி எழுதினார். காமாட்சி அம்மன் கோயில் வளாகத்தில் அவர் கண்ட, ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் புத்தர் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயிலில் புத்தர் சிலைகளை இன்றும் பார்க்கலாம். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் காமாட்சி அம்மன் கோயிலை ஒட்டி நடத்திய அகழாய்வில் பழைய செங்கல் கட்டுமானங்களும் அயல்நாட்டுப் பானையோடுகளும் வெளிப்பட்டன. ஆக, கட்டடம் போய்விட்டது, கடவுளர் மட்டும் கல்லாக இருந்ததால் தப்பினார்கள்.

கல்லை அடுக்கிய மன்னன்

யுவான் சுவாங் போய் அறுபது ஆண்டு கழித்துக் காஞ்சியின் முகம் மாறியது. இரண்டாம் நரசிம்மவர்மனான இராசசிம்மன் ஊரின் மேற்கில் மணற்கல்லை அடுக்கிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பினான். அடித்தளத்தில் கருங்கல், மேலே மணற்கல். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்தக் கோயிலிலிருந்துதான் காஞ்சியில் நம் சுற்றுலாவே தொடங்க முடியும்; நகரில் முழுதாக நிற்கும் மிகப் பழைய கோயில் இதுதான்.

காலையில் போங்கள். கிழக்கு நோக்கிய கோயில். இளவெயில் மணற்கல்லில் விழும்போது சிம்மத் தூண்கள் வரிசையாக எழுந்து நிற்கும். வாசலுக்கு முன்னால் உள்ள சிற்றாலயங்களில் ஒன்று இராசசிம்மனின் அரசி ரங்கபதாகை எடுப்பித்தது. உள்ளே சுற்றுமதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள். அவற்றின் சுவர்களில் மன்னனின் விருதுப் பெயர்கள் 250-க்கு மேல் ஓடுகின்றன. அதே பெயர்களை வெவ்வேறு எழுத்து வடிவங்களில் திரும்பத் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். கருவறையில் பதினாறு பட்டை லிங்கம். பக்கத்துச் சிற்றாலயங்கள் சிலவற்றில் 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டுபிடித்த ஓவியங்களின் எச்சம் இருக்கிறது. பொறுமையாக உற்றுப் பார்த்தால் சோமாஸ்கந்தரின் கோடுகள் பிடிபடும்.

மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டு வியந்து, எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது. தோற்ற ஊரில் வென்றவன் வெட்டிய கல்வெட்டு. கல்லாக இருந்ததால் பகைவனும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக முடிந்தது.

இராசசிம்மனைப் பற்றி நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே உள்ள திருநின்றவூரில் பூசலார் என்ற ஏழை மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் பல்லவன் தான் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாளைக் குறித்தான். இறைவன் பல்லவன் கனவில் வந்து, அன்று நான் நின்றவூருக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார் என்றார். பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையின் பல்லவன் இராசசிம்மன்தான் என்பது மரபு.

அடுத்து வைகுந்தப் பெருமாள் கோயில். இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன் கட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். இருந்தும் நின்றும் கிடந்தும் பெருமாள். சுற்று மண்டபச் சுவரில் பல்லவ வம்சத்தின் கதையே தொடர் சிற்பமாக ஓடுகிறது. பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்ததும், காஞ்சியின் பெரியோர்கள் தொலைநாட்டில் இருந்த பல்லவக் கிளையினரான இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் மறுக்க, பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி நான் வருகிறேன் என்கிறான். மலையும் காடும் ஆறும் தாண்டி அவன் வந்து முடிசூடும் வரை சிற்பத்தில் இருக்கிறது. அந்தச் சிறுவன்தான் கோயிலைக் கட்டிய நந்திவர்மன்.

சிற்பங்களுக்கு நடுவே சீன முகச்சாயலுள்ள ஒருவரைக் காட்டி இவர்தான் யுவான் சுவாங் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவர் வந்துபோய் நூறாண்டுக்குப் பிறகு எழுந்த கோயில் இது. அவராக இருக்கலாம், வேறு சீனராகவும் இருக்கலாம். சீனர்கள் வந்து போகாத ஊராக இருந்தால்தான் ஒரு முகத்துக்கு ஒரே ஒரு பெயர் பொருந்தும்.

காஞ்சியிலிருந்து போனவர்

இராசசிம்மன் கோயில் கட்டிய அதே காலத்தில் அவனுடைய தூதர்கள் தாங் அவையில் நின்றார்கள். சீனப் பதிவுகள் 720-ஆம் ஆண்டைச் சொல்கின்றன. தென்னிந்திய மன்னன் நரசிம்மன் பேசும் ஐந்நிறக் கிளி அனுப்பினான். அரபுகளையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் தருவதாகச் சொல்லி, அந்தப் படைக்குப் பேரரசரே பெயர் சூட்ட வேண்டும் என்று கேட்டான். பேரரசர் சுவான்சோங் மகிழ்ந்து பெயர் கொடுத்தார். பிறகு சீனப் பேரரசின் பெயரால் ஒரு கோயில் கட்டியிருப்பதாகவும் அதற்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்றும் மன்னன் எழுதினான், அதுவும் கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் தென்னிந்திய மன்னன் என்று அவனை அங்கீகரிக்கும் ஆணையோடு சீனத் தூதர் புறப்பட்டார். அந்தப் படை எந்தப் போருக்கும் போகவில்லை. ஆனால் கடலுக்கு அப்பால் ஒரு பேரரசு நம் பெயரை ஏட்டில் ஏற்றுக்கொண்டது என்பதே காஞ்சியின் துறைமுக வணிகத்துக்குப் பெரிய பலம்.

அதே வேளையில் வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவியும் அங்கே போய்ச் சேர்ந்தார். தென்னாட்டில் பிறந்து நாளந்தாவில் படித்தவர். காஞ்சியில் மூன்றாண்டு மழை பொய்த்தபோது மன்னன் வேண்டுகோளின்படி அவர் மழை வரவழைத்தார் என்று அவருடைய சீனச் சீடர் எழுதிய வரலாறு சொல்கிறது. ஏரிப்பாசன நாட்டில் ஒரு துறவிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. மன்னன் தன் தளபதி ஒருவனைத் துணைக்கு அனுப்பி, நூல்களும் காணிக்கைகளும் கொடுத்துக் கப்பலேற்றினான். இலங்கையில் தங்கி, பாரசீக வணிகக் கப்பல்களோடு சேர்ந்து ஸ்ரீவிஜயம் வழியாகப் போனார். புயலில் மற்றக் கப்பல்கள் சிதற, இவருடைய கப்பல் மட்டும் 719-இல் குவாங்சோவைத் தொட்டது. மறு ஆண்டு லோயாங்கில் பேரரசரைக் கண்டு, பிறகு சாங்கானுக்குப் போனார்.

அவர் கண்ட சாங்கான்

582-இல் சூய் அரசர்கள் வெறும் நிலத்தில் நூல்பிடித்துக் கட்டிய நகரம் அது. பரப்பு 84 சதுர கிலோமீட்டர். நூற்றுச் சொச்சம் மதில்சூழ் குடியிருப்புகள், கிழக்கே ஒரு சந்தை, மேற்கே ஒரு சந்தை. நடுவே ஓடிய அரச வீதியின் அகலம் ஏறத்தாழ 150 மீட்டர். மேற்குச் சந்தையில் பாரசீகரும் சோக்தியரும் கடை விரித்திருந்தார்கள். அந்நாளில் உலகின் மிகப் பெரிய நகரம் எதுவென்றால் அதுதான்.

வஜ்ரபோதியை முதலில் தங்கவைத்தது சியென் மடத்தில். அங்கேதான் யுவான் சுவாங் தாம் கொண்டுவந்த 657 நூல்களை வைத்துக்காக்க 652-இல் செங்கல் கோபுரம் எழுப்பச் செய்தார். இன்றும் சிய்யானுக்குப் போகும் எல்லோரும் ஏறிப் பார்க்கும் பெரிய காட்டுவாத்துப் பகோடா அதுதான். ஐந்தடுக்காகத் தொடங்கி, இடிந்து, 704-இல் பேரரசி வூ சேதியான் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டு, இப்போது ஏழடுக்காக 64 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பிறகு அவர் ஜியான்ஃபு மடத்துக்கு மாறினார். அதன் சிறிய காட்டுவாத்துப் பகோடா அப்போது கட்டி முடித்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பதினைந்து அடுக்கில் மேல் இரண்டை 1556 நிலநடுக்கம் கொண்டுபோனது. மிச்சம் பதின்மூன்று நிற்கிறது.

சாங்கானின் மற்றதெல்லாம் எங்கே? 904-இல் சூ வென் என்ற படைத்தலைவன் பேரரசரை லோயாங்குக்கு இழுத்துப்போனபோது அரண்மனைகளையும் வீடுகளையும் பிரிக்கச் சொன்னான். உத்தரமும் தூணும் வேய் ஆற்றில் மிதந்து போயின. மர நகரம் ஒரே பருவத்தில் காணாமல் போயிற்று. இன்று சிய்யானில் பயணிகள் வாடகை சைக்கிளில் சுற்றும் 13.7 கிலோமீட்டர் மதில், 1370-களில் மிங் அரசர்கள் கட்டியது. 1974-இல் கிணறு வெட்டிய உழவர்கள் கண்டெடுத்த சுடுமண் படைவீரர்களோ, சாங்கான் நகரமே எழாத காலத்துச் சின் பேரரசருடையவர்கள்; வஜ்ரபோதி போனபோது மண்ணுக்கு அடியில் கிடந்தார்கள். காஞ்சியிலிருந்து போன கண் பார்த்து, நம் கண்ணும் பார்ப்பது அந்த இரண்டு செங்கல் கோபுரங்களைத்தான்.

லோயாங்கில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். வஜ்ரபோதி 741-இல் அங்கே மறைந்தார்; லோங்மென்னில் அடக்கம் செய்தார்கள். ஆற்றங்கரைப் பாறையில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குகைகளும் மாடங்களும் குடைந்த இடம் அது. 675-இல் முடிந்த 17 மீட்டர் உயர வைரோசன புத்தர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்த பல்லவச் சிற்பிகளும் லோங்மென் சிற்பிகளும் ஒரே நூற்றாண்டுக்காரர்கள். காஞ்சி அரசன் வழியனுப்பிய துறவி, குடைவரைக்குப் பக்கத்திலேயே உறங்குகிறார். வஜ்ரபோதியின் சீடர் அமோகவஜ்ரர் பணிசெய்த தாசிங்ஷான் மடம் இன்றைய சிய்யானிலும் இயங்குகிறது. 2015 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அந்த மடத்துக்கும் பெரிய பகோடாவுக்கும் போனார். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசையும் ஐந்து இரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்தார். காஞ்சி அந்த நிரலில் இல்லை.

சோழர் காலத்திலும் இதே கதைதான். 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு அன்றைய சீனத் தலைநகர் கைஃபெங்குக்குப் போனது. 1642 வெள்ளத்தில் மஞ்சள் ஆறு அந்த ஊரை வண்டலில் புதைத்தது. 1049-இல் மெருகிட்ட செங்கல்லால் கட்டிய ‘இரும்புப் பகோடா’ இன்றும் நிற்கிறது. நம் தூதர்கள் போனபோது அது முப்பது வயதுகூட ஆகாத புதுக் கட்டடம்.

தலைநகரின் மறுபாதி

ஒரு பழைய தலைநகரைச் சுற்றிப் பார்ப்பது என்றால் உண்மையில் நாம் பார்ப்பது, எந்தப் பொருள் காலத்துக்குத் தாக்குப்பிடித்தது என்பதைத்தான். காஞ்சியில் செங்கல் போய்க் கல் நின்றது. அதனால் அது கோயில் நகரம் என்று பெயர் பெற்றது. சாங்கானில் மரம் போய்ச் செங்கல் நின்றது. அதனால் இரண்டு பௌத்தக் கோபுரங்கள் அந்த ஊரின் அடையாளமாயின. நூறு பௌத்த மடங்கள் இருந்த காஞ்சியைப் பற்றிய சாட்சி சீனத்து ஏட்டில் இருக்கிறது. மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டு, இந்த ஊர் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டால் அது பாதி வரலாறு.

மறுபாதிக்கு நாம் போக வேண்டிய இடங்களில் ஒன்று திருப்பருத்திக்குன்றம். காஞ்சியை ஒட்டிய சமணர் ஊர். யுவான் சுவாங் கண்ட திகம்பரர்களின் மரபு அங்கே இன்னும் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது. விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-இல் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாக இருக்கிறது. பட்டுக்கடைக்குப் போகும் நேரத்தில் பாதியை ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

இன்னொரு இடம் நம் காலடி. தலைநகரம் தனியாக வாழ்ந்ததில்லை. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்துச் செப்பேடு, பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்ததையும், ஊர் மண்டபத்தில் பாரதம் படிக்கப் பங்கு ஒதுக்கியதையும் சொல்கிறது. அதே மாதிரி எத்தனையோ ஊர்களின் செங்கல்லும் ஓடும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மண்ணுக்குள் இருக்கின்றன. வடக்குப்பட்டு அதற்குச் சாட்சி. இங்கே நாளெல்லாம் ஜேசிபி ஓடுகிறது. கிடங்குக்கும் தொழிற்கூடத்துக்கும் அடுக்குமாடிக்கும் அடித்தளம் தோண்டுகிறார்கள். இன்றைய செங்கல்லைவிட மிகப் பெரிய செங்கல், கறுப்பும் சிவப்பும் கலந்த பானையோடு, உறைகிணற்று வளையம் ஆகியவை வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். பழங்காசோ பொன்னோ புதையலாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. காஞ்சியின் தொலைந்த பாதியைப் பற்றி இனிக் கிடைக்கப்போகும் தகவல் கோபுரத்திலிருந்து வராது. இப்படி ஏதாவது ஒரு பள்ளத்திலிருந்துதான் வரும்.

யுவான் சுவாங் தம் குறிப்பில் காஞ்சியை அமைதியான, படித்த ஊராகக் காட்டுகிறார். ஆனால் அவர் வந்துபோன அந்த ஆண்டுகளில்தான் சாளுக்கியப் புலிகேசியின் படை காஞ்சியை நோக்கி வந்தது. மாமல்லன் அதை எதிர்த்துப் பொருத இடங்களில் ஒன்றாகப் பல்லவச் செப்பேடுகள் சொல்லும் பெயர் மணிமங்கலம். தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ்கள் இன்றும் கடந்துபோகும் அதே மணிமங்கலம். தலைநகரைக் காக்கும் போர் ஏன் நம் ஊர் ஏரிக்கரைக்கு வந்தது, அங்கிருந்து மாமல்லனின் படை எப்படி வாதாபி வரை போனது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)